பறவை விரட்டும் வாத்துகள்

"குளியலறையில வாத்தை அடைச்சுட்டா நான் எங்கங்க குளிக்கிறது?" என்றாள் மனைவி.

"ஒரு நாள் குளிக்காட்டி ஒண்ணும் ஆயிடாது. செயலாளர் வர்ற நேரம்."

பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்ந்த பிறகு பறவைகள் மேல் ஆசை வந்தது. பறவை ஆர்வலர் சங்கத்தில் சேர மனுப் போட்டார். சேர விரும்புகிறவர் வீட்டுத் தோட்டத்தில் செயலாளர் ஒரு மணி நேரம் உட்காருவார். ஐந்து வகைப் பறவையாவது வந்து இறங்க வேண்டும். அதுதான் விதி. இரண்டு முறை வந்து பார்த்தாயிற்று. ஈ, காக்கைகூட இறங்கவில்லை. இதுதான் கடைசி வாய்ப்பு.

குற்றவாளிகள் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மனைவி வளர்க்கும் நாலு வாத்துகள். பின்கதவைத் திறந்தால் தினமும் அதே காட்சி. மைனாக்கள் சிதறிப் பறக்கும். பின்னாலேயே வாத்துகள் கழுத்தை நீட்டி, இறக்கையை அடித்துக்கொண்டு ஓடும்.

"அந்தக் குண்டு வாத்து புறாவை வேலி வரைக்கும் துரத்திட்டுப் போச்சு. என் கண்ணால பார்த்தேன்."

"அதுக்கு நடந்தாலே மூச்சு வாங்கும். அது போய்த் துரத்துதா?"

"நீ செல்லம் கொடுத்து ரவுடியா ஆக்கி வெச்சிருக்க."

"நான் இருக்கிறப்ப அதுங்க சாதுவாத்தான் இருக்கு."

"திருடனோட அம்மாவும் இதையேதான் சொல்லுவா."

செயலாளர் மடக்கு நாற்காலியோடு வந்தார். பல் மருத்துவர். ஊரார் வாயையெல்லாம் திறக்க வைப்பவர், தன் வாயை லேசில் திறக்கமாட்டார். வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்.

பரிசோதகர் பச்சைச் சட்டை, பச்சைத் தொப்பி, கழுத்தில் தொலைநோக்கியுடன் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். வாயைக் குவித்துக் குயில் மாதிரி கூவினார். மதில்மேல் வந்து உட்கார்ந்த ஒரு காகம் அவரைப் பார்த்தது. கிளம்பிப் போய்விட்டது.

"பழைய பயம், சார். வாத்து உள்ளதான் இருக்குன்னு அதுக்குத் தெரியுது."

செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பாதி நேரம் போயிருந்தது.

குளியலறையைத் திறந்து பார்த்த மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். "ஏங்க, உள்ள கால் வைக்க முடியலை. அடைச்சது நீங்க, கழுவுறதும் நீங்க."

"இப்பவா?"

"இப்பவேதான். சார் கை கழுவணும்னா எங்க போவார்?"

அவள் வாத்துகளை வெளியே விட்டு, தவிட்டுச் சட்டியை முற்றத்தில் வைத்தாள். பரிசோதகர் துடைப்பத்தோடு உள்ளே போனார். இனி ஒரு பறவையும் இறங்காது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தார். தேய்க்கத் தேய்க்க வெளியே சிறகடிப்பும் கீச்சுச் சத்தமும் கூடிக்கொண்டே போயின. ரவுடிகள் வேலையைக் காட்டுகின்றன என்று பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தார்.

கழுவி முடித்துக் கதவைத் திறந்தார். அப்படியே நின்றார்.

தவிட்டுச் சட்டியைச் சுற்றி மைனாக்கள், புறாக்கள், குருவிகள், தவிட்டுக்குருவிகள், இரண்டு காகங்கள். நடுவில் வாத்துகள். குண்டு வாத்து நகர்ந்து இடம்விட, ஒரு கொக்கு அதை ஒட்டி நின்று சட்டிக்குள் எட்டிப் பார்த்தது.

"ஆறு வகை," என்றார் செயலாளர் மெல்ல. "நீங்க சேர்ந்தாச்சு, சார்."

பரிசோதகருக்கு வாத்துகளைத் தடவிக் கொடுக்க வேண்டும்போல் இருந்தது. துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓரடி முன்னால் வைத்தார்.

மொத்தக் கூட்டமும் சிதறிப் பறந்தது. பின்னாலேயே வாத்துகள் கழுத்தை நீட்டி, இறக்கையை அடித்துக்கொண்டு வேலியை நோக்கி ஓடின.

"பாருங்க சார், மறுபடியும் துரத்துதுங்க."

செயலாளர் நாற்காலியை மடக்கினார்.

"துரத்தலை, சார். அதுங்களும் உங்களைப் பார்த்துத்தான் ஓடுதுங்க."