ஒரு பொட்டுத் தூசி

கோயிலில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்துத்தான் ஞானரத்தினம் உள்ளே நுழைந்தார். பீடத்துக்குப் பக்கத்தில் இருந்த பிரம்புக் கூடைக்குள் கையை விட்டார். மேலே கிடந்த ஓலைக்கட்டைத் தள்ளிவிட்டு, அடியில் கிடந்ததை உருவி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

"அண்ணாச்சி, என்ன எடுக்கீய?"

திரும்பினால், கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை பொன்னுராஜ் கையில் விளக்குமாற்றோடு நின்றுகொண்டிருந்தான்.

"என் பொருளை நான் எடுக்கேன். உன் வீட்டுச் சொத்தையா எடுக்கேன்?"

மடிப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது காய்ந்த குருத்தோலை. போன வருடம் குருத்தோலை ஞாயிறு பவனியில் பிடித்தது, அதற்குப் பிறகு வருடம் முழுக்க வீட்டு இயேசு படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தது. சாம்பல் புதனுக்கு முந்தி அதைக் கோயிலில் திருப்பிக் கொடுத்துவிடுவது வழக்கம். காலையில்தான் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்.

"சாமிக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுக்கலாமா?"

"இப்பத்தான் அந்த விஜி அவ வீட்டு ஓலையக் கொண்டாந்து என் ஓலை மேலேயே போட்டுட்டுப் போறா. அவன் வீட்டு ஓலையும் என் வீட்டு ஓலையும் ஒரே கூடையில கிடக்கணுமாக்கும்?"

'அவன்' என்றது விஜியின் புருஷன் கிறிஸ்துராஜை, ஞானரத்தினத்தின் கூடப்பிறந்த தம்பியை. அப்பா விட்டுப்போன வீட்டை இருவரும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தம்பி தன் பாதியில் பேண்டேஜ் துணி நெய்ய இரண்டு விசைத்தறி போட்டான், பிடித்தது வினை. பஞ்சுத் தூசி பறந்து வந்து தன் சோற்றில் விழுகிறது என்று ஞானரத்தினம் கலெக்டர் வரைக்கும் மனு கொடுத்துப் பார்த்தார். வேலைக்காகவில்லை என்றதும் நடுவில் பத்தடிச் சுவர் எழுப்பினார். மூன்று வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"ஈஸ்டர் முடிஞ்ச மறுவாரம் உங்க மக ஷெரின் பாப்பாவுக்குக் கல்யாணம். கார்டுல சித்தப்பன் பேரு இல்லன்னா ஊரு சிரிக்காதா அண்ணாச்சி?"

"சிரிச்சிட்டுப் போகட்டும்." ஞானரத்தினம் பீடத்தைப் பார்த்துக் கையை நீட்டினார். "சாமி முன்னால சத்தியமாச் சொல்லுதேன், நீயும் கேட்டுக்க. அவன் வீட்டுத் தூசி ஒரு பொட்டு எம்மேல படட்டும், அன்னைக்கு அவன் பேரைப் போடுதேன். அதுவரைக்கும் அவன் எனக்குத் தம்பி இல்ல."

"செத்த நில்லுங்க அண்ணாச்சி. அந்த ஓலைய..."

அவர் நிற்கவில்லை. வீட்டுக்குப் போய் ஓலையை வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்து, சுடச்சுடக் குளித்தார். அப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை.

மறுநாள் சாம்பல் புதன் பூசைக்கு வந்தவர், துண்டால் பெஞ்சை நாலு தரம் தட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார். போன ஞாயிறு தம்பி அதில் உட்கார்ந்திருந்தாலும் உட்கார்ந்திருப்பான், யார் கண்டது?

சாம்பல் பூச வரிசை கட்டினார்கள். தம்பி முன்னால் நிற்பதைப் பார்த்ததும் இவர் கடைசிக்குப் போனார். நெற்றியில் சிலுவையோடு தம்பி திரும்பி வந்தபோது, சட்டை உரசிவிடாமல் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டார்.

"மனிதனே, நீ மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்" என்று சொல்லி ஃபாதர் இவர் நெற்றியில் சிலுவை போட்டார். கடைசி ஆள் என்பதால் கிண்ணத்தை வழித்து அழுத்திப் பூசிவிட்டார். மற்றவர்களைவிடத் தனக்குத்தான் பளிச்சென்று இருக்கிறது என்று ஞானரத்தினத்துக்குக் கொஞ்சம் பெருமைகூட.

வெளியே வேப்பமரத்தடியில் மகள் ஷெரின் போனும் கையுமாக நின்றாள். "அப்பா, ஸ்ரீவில்லிபுத்தூர் பிரஸ்ல இருந்து கூப்பிடுதாங்க. பத்து மணிக்குக் கார்டு அடிக்கப் போறாங்களாம். சித்தப்பா பேரைப் போடச் சொல்லட்டா?"

அந்த நேரம் பார்த்துக் கிறிஸ்துராஜ் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான். "அண்ணே..."

"அங்கனயே நில்லுலே! உன் தறித் தூசிய எம்மேல உதறாத."

கிறிஸ்துராஜ் நின்றுவிட்டான். பூசை முடிந்து வந்த சனம் மொத்தமும் வேடிக்கை பார்த்தது. ஷெரினுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சித்தப்பா பேரு இல்லாத கார்டை நான் ஒருத்தருக்கும் கொடுக்க மாட்டேன். எனக்குக் கல்யாணமே வேண்டாம்."

"வேண்டாம்னா விடு!" ஞானரத்தினம் கத்தினார். "சாமி முன்னால சத்தியம் பண்ணியிருக்கேன். அவன் வீட்டுத் தூசி எம்மேல படட்டும், பேரைப் போடுதேன். ஏலே பொன்னுராசு, நீதான சாட்சி? வந்து சொல்லுலே!"

சாம்பல் கிண்ணத்தைத் துடைத்தபடியே பொன்னுராஜ் படியிறங்கி வந்தான்.

"சொன்னீய அண்ணாச்சி, நான் சாட்சி. ஆனா ஒண்ணு. கிறிஸ்மசுக்கு வெள்ளையடிக்கையில ஊரே பழைய ஓலையத் தூரப் போட்டிருச்சு. கூடைக்கு வந்தது ரெண்டே கட்டு. அதுல உங்களுத நீங்க உருவிட்டுப் போயிட்டீய. மிச்சம் கிடந்த ஒரு கட்டத்தான் நேத்து எரிச்சுச் சாம்பலாக்கினேன்."

"அதுக்கும் என் சத்தியத்துக்கும் என்னலே?" என்றார் ஞானரத்தினம்.

"உங்க நெத்தியில இருக்கது அம்புட்டும் தம்பி வீட்டுத் தூசி, அண்ணாச்சி."