மின்விசிறியில் ஒரு வீடு

தை மாசக் குளிரில் ஓடாமல் கிடந்த மின்விசிறியின் மேல்கிண்ணம், முட்டையிடக் காத்திருந்த பெண்குருவிக்குப் பிடித்துத்தான் இருந்தது. உள்ளே கிடந்த பழைய வைக்கோல்தான் மனசை உறுத்தியது.

"இங்க இருந்தவங்க ஏன் போனாங்கன்னு பல்லி அண்ணன்கிட்ட கேளுங்களேன்."

"போனவங்க கதை நமக்கெதுக்கு? வைக்கோல் மிச்சம்னு நினைச்சுக்கோ," என்றது ஆண்குருவி.

மனசு கேட்காமல் பெண்குருவியே போய்க் கேட்டது.

"போன வருசம் தையில குடிவந்தாங்க. வெயில் ஏறவும் வீட்டுக்காரங்க விசிறியைப் போட்டுட்டாங்க. ஒரு முட்டைகூட மிஞ்சலம்மா," என்றது பல்லி.

அதைக் கேட்ட ஆண்குருவி ஒரு வைக்கோலைக் கவ்விக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த படத்துக்குப் பின்னால் போனது. அதை வைக்குமுன் மெல்லக் கேட்டது.

"அண்ணே, இங்க முன்னாடி யாரு இருந்தாங்க?"

"நான்தான். இப்பவும் நான்தான். பரவால்ல, ஓரமா கட்டிக்கோங்க."