முதலில் அவுட்டானவன்

கடல் தாண்டிப் போய், ஓர் அகதி முகாமில் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நான் சொன்ன விதியை, எனக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த சலீமா பிள்ளைகளின் மொழியில் சொன்னாள். அவுட்டானவர்கள் கோட்டுக்கு வெளியே வரிசையாக உட்கார வேண்டும்; அணி பாயிண்ட் எடுக்க எடுக்க, முதலில் அவுட்டானவருக்கு முதலில் உயிர் வரும்.

நூரா என்ற சிறுமி அவுட்டானாள். வெளியே முதல் இடத்தை விட்டுவிட்டு இரண்டாவதில் போய் உட்கார்ந்தாள். அவள் அணிக்கு ஒரு பாயிண்ட் கிடைத்தது. உள்ளே கூப்பிட்டேன். அசையவில்லை.

"விதி புரியலையா அவளுக்கு?" என்று சலீமாவைக் கேட்டேன்.

"புரிஞ்சிருக்கு மாஸ்டர். அவளுக்கு முன்னாடியே அவ அண்ணன் அவுட்டாம்."

"எந்த அண்ணன்?"

"இங்க வர்ற வழியில செத்துப்போனான்."

ஆட்டத்தைத் தொடரச் சொன்னேன். அடுத்த பாயிண்டுக்கு நூரா துள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். எல்லோரும் கைகோத்து நின்றபோது, தன் வலப்பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விட்டு, அங்கே கையை நீட்டிக்கொண்டாள்.

எதிரணியிலிருந்து கபடி பாடி வந்தவன் தயங்கினான். பிறகு அந்த வெற்றிடத்தில், தோள் உயரத்தில், தொட்டுவிட்டு மூச்சு விடாமல் திரும்பி ஓடினான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விசில் என் வாயில் இருந்தது. நூரா மட்டும் வலப்பக்கம் பிடித்த கையை விடவில்லை.