நாள் முழுக்க நிற்கிற வேலை

“தொடையில பிடிக்குதுண்ணே. வேற குடுங்க.”

ட்ரையல் ரூம் கதவுக்கு மேலாக இன்னொரு பேன்ட் வந்து விழுந்தது. விற்பனையாளர் பல்லைக் கடித்துக்கொண்டு அதை எடுத்து உதறினார். கவுன்டர் மேல் ஏற்கெனவே பிரித்துப் போட்டது குன்றாகக் கிடந்தது. அத்தனையையும் அவர்தான் திரும்ப மடித்து அடுக்க வேண்டும்.

காலையிலிருந்தே அவருக்கு மனசு சரியில்லை. ஷூ பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவன் வேலையை விட்டுப் போனதிலிருந்து பேன்ட், ஷூ இரண்டும் அவர் தலையில்தான். குதிகால் வலி உயிரை எடுத்தது. கடை திறந்ததும் வாய்விட்டே கேட்டுவிட்டார். “உதவிக்கு ஒரு ஆள் போடுங்க முதலாளி. இல்லாட்டி கூட்டம் இல்லாத நேரத்துல உட்கார ஒரு ஸ்டூலாவது குடுங்க.”

“உட்காரணும்னா வீட்டுலயே உட்காரலாமே,” என்றார் முதலாளி, செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல். அத்தோடு சரி.

மத்தியானம் இந்த ஆள் வந்தான். முதலாளி கல்லாவிலிருந்தே குரல் கொடுத்தார். “இவருக்கு நிதானமா எல்லாத்தையும் காட்டு. என்ன கேட்டாலும் சொல்லு.” ஏதோ சிபாரிசில் வந்திருக்கிறான் போல என்று நினைத்துக்கொண்டார் விற்பனையாளர்.

ட்ரையல் ரூம் கதவு திறந்தது. வெளியே வந்தவன் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. குந்தினான், எழுந்தான், கையைத் தூக்கி எம்பினான், மறுபடி ஒரு கால் மடக்கி மண்டி போட்டான்.

“இது முட்டியில இழுக்குதுண்ணே. குனியணும், நிமிரணும், அடிக்கடி மண்டி போடணும். தினம் துவைச்சாலும் சாயம் போகக் கூடாது. பாக்கவும் டீசன்ட்டா இருக்கணும்.”

“பேன்ட்டு கேக்குறீங்களா, வரம் கேக்குறீங்களா?” வாய் தவறி வந்துவிட்டது. விற்பனையாளர் கல்லாப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. “தப்பா நினைக்காதீங்கண்ணே. இத்தனை வருஷமா உட்கார்ந்தே பார்த்த வேலை. கம்பெனியை இழுத்து மூடிட்டாங்க. ரொம்ப நாளா வீட்டுல சும்மா இருந்துட்டு, இப்பதான் ஒண்ணு கிடைச்சிருக்கு. நாள் முழுக்க நிக்கிற வேலை. தாங்குவேனான்னு பயமா இருக்கு.”

நாள் முழுக்க நிற்கிற வேலை. அந்த ஒரு வார்த்தையில் விற்பனையாளரின் எரிச்சல் இறங்கிவிட்டது. ஏதாவது பெரிய ஓட்டலாக இருக்கும், வருகிறவர்களின் பெட்டியைக் குனிந்து தூக்குகிற வேலையாக இருக்கும். பாவம்.

பின்வரிசையிலிருந்து ஒரு சாம்பல் நிறப் பேன்ட்டை உருவினார். “இதைப் போடுங்க. துணி இழுத்தா கொஞ்சம் நீளும், விட்டா பழையபடி வந்துடும். உள்பக்கம் பாருங்க, ரெட்டைத் தையல். குந்தினா கிழியற இடம் அதுதான்.”

பேன்ட் கச்சிதமாக இருந்தது. அவன் அடுத்து அலமாரியில் பளபளவென்று மின்னிய ஒரு ஷூவை எடுக்கப் போனான். விற்பனையாளர் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அது வேணாம். ரெண்டு மழைக்கு சோல் வாயைப் பிளந்துடும். முதலாளி காதுல விழுந்தா என்னைத் தொலைச்சுடுவாரு.”

இன்னொரு ஜோடியைத் தேடி எடுத்து வளைத்துக் காட்டினார். “விரல் மடங்கற இடத்துலதான் ஷூவும் மடங்கணும். நடுவுல மடங்குச்சுன்னா சாயங்காலம் உங்க இடுப்பு கதறும்.” முட்டி சொடக்கிட மண்டியிட்டு, அவன் காலில் தானே மாட்டிவிட்டார். நுனியைக் கட்டைவிரலால் அமுக்கினார். “இவ்வளவு இடம் இருக்கட்டும். நின்னு நின்னு பொழுது சாயறப்ப கால் வீங்கும். யாரும் சொல்லித் தர மாட்டாங்க. நான் கொப்புளம் வந்துதான் கத்துக்கிட்டேன்.”

அவன் கடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தான். முதல்முறையாகச் சிரித்தான். “ஷூ போட்ட மாதிரியே இல்லைண்ணே!”

“ஒரு காலையே நம்பி நிக்காதீங்க, மாத்தி மாத்தி நில்லுங்க. சந்து கிடைச்சா சுவத்துல சாயுங்க.” சொல்லிக்கொண்டே பெட்டியைக் கட்டினார் விற்பனையாளர். இன்றைக்கு நடந்த ஒரே நல்ல காரியம் இதுதான் என்று தோன்றியது. “ஆமா, எந்த ஓட்டல்?”

“ஓட்டலா? இங்கதாண்ணே. இந்தக் கடையிலதான், நாளையிலேருந்து.”

ஒரு கணம் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. காலையில் கேட்டதற்கு மத்தியானமே ஆளா! இந்த மனுஷனைப் போய் மனசுக்குள் என்னென்னவோ திட்டிவிட்டோமே!

“அட, வந்ததும் சொல்லியிருக்கக் கூடாதா தம்பி!” அவன் தோளில் தட்டினார். “நீ ஷூவைப் பார்த்துக்க, நான் பேன்ட்டைப் பார்த்துக்கறேன். ஒருத்தர் மாத்தி ஒருத்தர் கொஞ்சம் உட்காரலாம். என் கால் பிழைச்சுது போ!”

அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கல்லாவை ஒருமுறை பார்த்தான். பிறகு மெல்லக் கேட்டான்.

“நீங்க இன்னையோட நின்னுக்கறீங்கன்னு முதலாளி சொன்னாரேண்ணே?”