மலையேறிய மீசை

"தலை மட்டுமா, மீசையுமா?"

"மீசையும்தான்" என்றார் வேங்கடாசலம். சொல்லும்போதே அவருக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

திருமலையில் மொட்டை போடும் கூடத்தில் அவர் முறை வந்திருந்தது. பின்னால் நின்ற ஓர் அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "பாருடி, என்னா பக்தி! அழுவுறாரு" என்று மகளிடம் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பக்தியாவது ஒன்றாவது! சித்தூர் முழுக்கப் பேர் வாங்கிய மீசை அது. கல்யாணத்துக்குக்கூட ஓரம் நறுக்க விடாத மனுஷன், அது போகிறதே என்று அழுதார்.

எல்லாம் ஹார்ஸ்லி மலையால் வந்த வினை. டாக்டர் நடக்கச் சொன்னார், இவர் கியர் சைக்கிள் வாங்கினார். அதைப் பார்த்துப் பொறுக்காமல் மச்சான் எத்திராஜும் ஒன்று வாங்கினான். போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு சைக்கிளையும் வேனில் போட்டுக்கொண்டு மலையடிவாரத்தில் போய் இறங்கினார்கள்.

"காலைக் கீழ ஊனாம உச்சி வரைக்கும் மிதிக்கணும் மாமா. ஊனினவன் மீசைய எடுத்துடணும்" என்றான் எத்திராஜ். அவனுக்கும் மீசை ஒன்றும் இளைத்ததில்லை.

"எடுக்கப்போறது நீதான்டா மச்சான்" என்று இவரும் மிதிக்க ஆரம்பித்தார்.

பாதை என்னவோ சொர்க்கம்தான். இரண்டு பக்கமும் தைல மரம், வளைவுக்கு வளைவு குளுகுளு காற்று, கீழே கிண்ணத்தில் ஊற்றி வைத்தது மாதிரி ஏரித் தண்ணீர். உட்கார்ந்து பார்க்க அருமை, மிதித்து ஏறத்தான் ஆகாது. எத்திராஜ் முதல் வளைவிலேயே கண்ணுக்கு மறைந்துவிட்டான். இவர் இன்னும் இரண்டு வளைவு தாக்குப்பிடித்தார். அப்புறம் நாக்குத் தள்ளி, காலை நன்றாகவே ஊன்றி, சைக்கிளோடு ஒரு மரத்தில் சாய்ந்துகொண்டார்.

மேலே விடுதிக்குத் தண்ணீர் கேன் ஏற்றிப்போன டெம்போ ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. "எக்குதாரா சார்?" என்று டிரைவர் தெலுங்கில் ஏறிக்கொள்ளக் கூப்பிட்டது அவர் காதில் கோவிந்த நாமமாகவே விழுந்தது. சைக்கிளோடு ஏறிக்கொண்டார்.

உச்சிக்கு ஒரு வளைவு முன்னாலேயே இறங்கி, பாட்டில் தண்ணீரைத் தலையிலும் சட்டையிலும் கவிழ்த்துக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்தவர் போல மிதித்து வந்து சேர்ந்தார். எத்திராஜ் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தான். அவன் சட்டையும் தொப்பலாக நனைந்திருந்தது. காலையில் இட்ட திருநீற்றுப் பட்டை மட்டும் நெற்றியில் பளிச்சென்று அப்படியே இருந்தது.

"ஊனவே இல்ல மாமா!"

"நானும்தான்டா மச்சான்!"

அன்று ஆரம்பித்த ரகளை வீட்டில் ஓயவில்லை. நீ ஊனியிருப்பே, இல்லை நீங்கதான் ஊனியிருப்பீங்க என்று காலையும் மாலையும் இதே பேச்சு. இவருக்குப் பெண்டாட்டியும் அவனுக்கு அக்காவுமான தனபாக்கியம் எத்தனை நாள்தான் பொறுப்பாள்?

"சும்மா கத்திக்கினு என் உசுர வாங்காதீங்க! வர்ற ஞாயித்துக்கிழம காணிப்பாக்கம் போவலாம். ரெண்டு பேரும் கொளத்துல முழுகி, புள்ளையாரு முன்னால சத்தியம் பண்ணுங்க. அப்ப தெரிஞ்சிடும் யாரு மீசை போவுதுன்னு."

"அதுக்கென்னக்கா, பண்ணிட்டாப் போச்சு" என்றான் எத்திராஜ். இவரும் விட்டுக்கொடுக்காமல் மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டார்.

முறுக்கியாயிற்று, ஆனால் சோறு இறங்கவில்லை. காணிப்பாக்கத்தில் பொய்ச் சத்தியம் செய்தவனைப் பிள்ளையார் சும்மா விடமாட்டார் என்பது சித்தூர்ப் பக்கம் கைக்குழந்தைக்கும் தெரியும். உண்மையைச் சொன்னாலோ, மச்சான் ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டுவான்.

அப்போதுதான் மனுஷனுக்கு மூளை வேலை செய்தது. பெருமாளுக்கு முடி கொடுத்தால் மீசையும் கூடவே போய்விடும். பழைய வேண்டுதல் என்று சொல்லிக்கொள்ளலாம். மீசையே இல்லாதவனிடம் என்ன பந்தயம், என்ன சத்தியம்? மீசை போனாலும் மானம் தப்பும். சனிக்கிழமை விடிந்ததும், "திருப்பதியில ஒரு வேலை" என்று தனபாக்கியத்திடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

"என்ன வேண்டுதல் சாமி?" தலையில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே நாவிதர் கேட்டார்.

"ரொம்ப நாளு வேண்டுதல்பா. சித்தூர்லேந்து வர்றேன். மொதல்ல மீசைய எடுத்துடு. எப்ப எடுப்பியோன்னு பயந்துக்கினே இருக்க முடியாது."

பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருந்த ஆள் தூக்கிவாரிப் போட்டதுபோல் துள்ளினான். "ஆடாதீங்க சார், கீறிடும்!" என்று அவனுக்குச் சிரைத்துக்கொண்டிருந்தவர் அதட்டினார்.

கத்தி இந்தப் பக்கம் ஓர் இழுப்பு, அந்தப் பக்கம் ஓர் இழுப்பு. மீசை மடியில் வந்து விழுந்தது. "கோவிந்தா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வேங்கடாசலம் பக்கத்து ஆளைப் பார்த்தார். தலையிலும் முகத்திலும் பொட்டு முடி இல்லாமல், தோலுரித்த வேர்க்கடலை மாதிரி இருந்தான். ஆனால் அந்தத் திருட்டு முழி மட்டும் நன்றாகத் தெரிந்த முழி.

"டேய்... எத்திராஜு?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு இவர் காதுப் பக்கம் மெதுவாகச் சாய்ந்தான்.

"நான் பால் வண்டியில ஏறுனேன் மாமா. நீங்க எதுல?"