நுனி கூடும் பிரஷ்

கட்டிய கணவன் வாய்வைத்த டம்ளரைக் கண்டாலே ஓவிய டீச்சருக்குக் குமட்டும்.

அன்று வாட்டர்கலர் பிரஷ் வாங்கப் போயிருந்தாள். நனைத்தால் நுனி ஊசிபோலக் கூட வேண்டும். அதுதான் நல்ல பிரஷ்.

"இந்தாங்க டீச்சர், தண்ணியில நனைச்சுப் பாருங்க," என்று கடைக்காரர் கிண்ணத்தை நகர்த்தினார்.

"சீ! எத்தனை பேர் விரல் விட்ட தண்ணியோ!"

முகம் சுளித்தவள், டப்பாவிலிருந்த பிரஷ்களை ஒவ்வொன்றாக நாக்கில் வைத்து, உதட்டால் நீவிப் பார்த்தாள். பிடிக்காததையெல்லாம் டப்பாவிலேயே திரும்பப் போட்டாள். கடைசியில் ஒன்று ஊசியாய் நின்றது.

"இதே மாதிரி யார் கையும் படாத புதுசு ஒண்ணு குடுங்க."

"புதுசுக்கு எங்க போறது டீச்சர்?" கடைக்காரர் சலித்துக்கொண்டார். "டப்பாவுல இருக்கறதுதான் சரக்கு. வர்றவங்க எல்லாரும் உங்களை மாதிரியேதான், நாக்குல வெச்சுப் பார்த்துட்டு உள்ள போட்டுட்டுப் போயிடறாங்க!"

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.