சுவரில் தொங்கிய ரொட்டி

"ரொட்டித் திருடி வந்தாச்சு, ரொட்டித் தட்டெல்லாம் ஒளிச்சு வைங்கப்பா" என்றேன்.

கூடமே சிரித்தது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த சனோபரும் சிரித்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற மகள் நிகோரா மட்டும் சிரிக்கவில்லை.

எங்கள் தெருவை இடித்து அடுக்குமாடி கட்டி எட்டு வருஷம் ஆகிறது. கோகந்த் நகரில் மூலைக்கொருவராகச் சிதறிப்போன தெருக்காரர்களை வருஷத்துக்கு ஒரு முறை என் வீட்டில் கூட்டுவேன். புலாவ், பச்சைத் தேநீர், ஆளாளுக்குக் கொண்டுவரும் பழைய போட்டோக்கள். சனோபர் வந்தது இதுதான் முதல் தடவை.

"ஏன் மாமா அம்மாவை அப்படிச் சொல்றீங்க?" நிகோரா கேட்டாள்.

"உங்கம்மா சொன்னதே இல்லையா? அந்தப் பேரை வெச்சதே நான்தான்" என்று பெருமையாக ஆரம்பித்தேன். பேசிக்கொண்டே சனோபரின் கோப்பையில் தேநீரைத் தளும்பத் தளும்ப ஊற்றினேன். பாதிக் கோப்பை ஊற்றினால் மரியாதை. நிறைய ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். அதற்கும் ஒரு சிரிப்பு.

"நாற்பது வருஷம் முன்னால, இதோ இந்த ஹிக்மத் அண்ணனைப் பட்டாளத்துக்குக் கூப்பிட்டாங்க. வழக்கப்படி ரொட்டியில ஒரு கடி கடிச்சுட்டுப் போனாரு. மிச்சத்தை அவங்கம்மா ஹோசியத் பெரியம்மா சுவர்ல மாட்டினாங்க."

மீதியைப் பிள்ளை திரும்பி வந்துதான் தின்ன வேண்டும். அதுவரை யாரும் தொடக்கூடாது. ரொட்டி ஆணியில் இருக்கிறவரை பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று ஒவ்வொரு தாயும் நம்பினாள்.

"மூணாம் நாளே உங்கம்மா முக்காலி போட்டு ஏறி நிக்கிறா" என்று கமோல் பிடித்துக்கொண்டான். அவனும் எங்கள் வயசுக்காரன். "கையில ரொட்டி, வாயில ரொட்டி. பெரியம்மாவே கையும் களவுமா பிடிச்சாங்க."

"அண்ணன் கடிச்ச இடத்துலயே கடிச்சிருந்தா. அவ்வளவு சாமர்த்தியம்" என்றேன்.

"பெரியம்மா அழுதுக்கிட்டே அதைத் துணியில சுத்தி மறுபடி மாட்டிட்டாங்க. அண்ணன் வர்ற வரைக்கும் அவிழ்க்கவே இல்லை" என்றான் கமோல்.

நிகோரா தாயைப் பார்த்தாள். "நெஜமாம்மா?"

"அப்ப எனக்குப் பத்து வயசு" என்று மட்டும் சொன்னாள் சனோபர்.

நிகோரா கையிலிருந்த ரொட்டித் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"விடு தோஹிர், போட்டோவைப் போடு" என்றார் ஹிக்மத் அண்ணன். அறுபதைத் தாண்டியவர், அவருக்குச் சங்கடமாக இருந்திருக்கும்.

அவர் திரும்பி வந்த அன்று எடுத்த போட்டோவையே டிவியில் போட்டேன். சீருடையில் அண்ணன், கையில் அப்போதுதான் துணியைப் பிரித்த ரொட்டி, பக்கத்தில் அழுதுகொண்டிருக்கும் பெரியம்மா. பெரியம்மா இப்போது உயிரோடு இல்லை.

நிகோரா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனாள். "மாமா, அந்த ரொட்டியைக் கொஞ்சம் பெருசாக்குங்க."

பெரிதாக்கினேன். சுடுவதற்கு முன் நடுவில் அச்சால் குத்திய புள்ளிகள் தெரிந்தன.

"எட்டு இதழ், நடுவுல பிறை. இது எங்க வீட்டு அச்சு. பாட்டி கொடுத்தது. தினமும் நான்தான் குத்துறேன்."

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு அச்சு வேறு. ஹிக்மத் அண்ணன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"எங்க வீட்டு அச்சு வெறும் வட்டம்தான். அன்னிக்கு இருந்த அழுகையில எவன் பார்த்தான்?" இன்னும் கிட்டே போனார். "இந்தக் கடியைப் பாருங்க. குழந்தை வாய் அளவுதான் இருக்கு. சனோபர், இது உங்க வீட்டு ரொட்டியாம்மா?"

சனோபர் மேஜை விரிப்பைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"அன்னிக்கு நான் வந்து பார்த்தப்ப ஆணியில ஒண்ணும் இல்லைண்ணே. பயந்துட்டேன். எங்க வீட்ல சுட்டதை எடுத்து, ஒரு கடி கடிச்சு மாட்டப் போனேன். மென்னு முழுங்குறதுக்குள்ள பெரியம்மா வந்துட்டாங்க. அச்சு பத்தியெல்லாம் தோணலை, சின்னப் பிள்ளைதானே."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா உங்க ரொட்டி போயிடுச்சுன்னு தெரிஞ்சுடுமே. அப்புறம் ரெண்டு வருஷம் பெரியம்மா எப்படித் தூங்குவாங்க?"

"சரி, நான் வந்த பிறகாவது?"

"அதுக்குள்ள பேரு பழகிடுச்சுண்ணே."

ஹிக்மத் அண்ணன் நெஞ்சில் கை வைத்து அவளுக்கு முன்னால் தலை குனிந்தார். நிகோரா வந்து தாயை ஒட்டி உட்கார்ந்தாள். மற்றவர்களால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை.

"அப்ப அண்ணன் ரொட்டியைத் தின்னது யாரு?" என்றான் கமோல்.

சனோபர் தேநீர்க் கூஜாவை எடுத்து என் கோப்பையில் ஊற்றினாள். சரியாகப் பாதிதான் ஊற்றினாள்.

"ஜன்னல் திறந்து கிடந்துச்சு. குருவியா இருக்கும்" என்றாள். "இல்லையா தோஹிர்? நீயும் அன்னிக்கு அந்தப் பக்கம் வந்தியே."

வந்தேன். பருத்தி பறித்துவிட்டு வந்த பசியில், சட்டைக்குள் ரொட்டியோடு ஓடியபோது பெரியம்மா வீட்டு வாசலில் அவள் மேல்தான் மோதிக்கொண்டேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இன்று விட்டால் இனிச் சொல்ல வாய்க்காது என்று தெரிந்தது. வாயைத் திறந்தேன்.

"ஆமா, குருவிதான்" என்றேன்.